பதினெட்டாவது ஆட்டம் வேண்டாம்: ஜூனியர் சேயாவை முன்வைத்து என்எஃப்எல்லுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய என்எஃப்எல் ஆணையர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், அணிகளின் உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனுக்கு 17 ஆட்டங்கள் என்பதை 18 ஆக்க வேண்டும் என்று சில வருடங்களாகவே பேசி வருகிறீர்கள். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். வீரர்கள் சங்கத்தோடு அடுத்த ஒப்பந்தம் பேசும்போது அந்தக் கோரிக்கையை மேசைக்கே கொண்டுவராதீர்கள். ஏன் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு லைன்பேக்கரின் வாழ்க்கை போதும். அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 55ஆம் நம்பர், ஜூனியர் சேயாவ்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உங்கள் ஆட்டத்தைப் போட்டுவிட்டு உட்காரும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன, பள்ளி அணியில் சேர வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் மல்லுக்கட்டும் பிள்ளைகளும் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பதை அவர்களும் படிக்க வேண்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. லைன்பேக்கர் என்பவர் தடுப்பு அணியின் முன்வரிசைக்குச் சில கஜம் பின்னால் நிற்பவர். பந்து கிளம்பியதும் எதிரணியில் 140 கிலோ எடையுள்ள ஒருவர் அவரைத் தள்ளிவிட ஓடி வருவார். அவரை மோதி விலக்கிவிட்டு, அதற்குப் பின்னால் பந்தோடு வருபவரைப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். அதாவது ஒரு டேக்கிள் என்று கணக்கில் ஏறுவதற்கு முன்பே ஒரு மோதல் முடிந்திருக்கும். டேக்கிள் வேறு யாருக்காவது போனாலும் இவர் வாங்கிய மோதல் வாங்கியதுதான். ஒரு ஆட்டத்தில் இப்படி அறுபது தடவைக்குக் குறையாமல் களத்தில் நிற்பார்கள். இதில் பெரும்பாலான மோதல்களில் யாரும் மயங்கி விழுவதில்லை, டிவியில் மறுபடி போட்டுக் காட்டுவதும் இல்லை, விளையாடியவருக்கே இரவில் ஞாபகம் இருக்காது. நான் பேச வந்தது அந்த மோதல்களைப் பற்றித்தான்.

சேயாவ் 1969இல் பிறந்தவர், சமோவாவிலிருந்து வந்த குடும்பம். ஏழு வயது வரைக்கும் அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சான் டியேகோவுக்கு வடக்கே ஓஷன்சைட் என்ற கடலோர ஊரில் வளர்ந்தார். அப்பா ரப்பர் தொழிற்சாலையிலும் பள்ளியில் துப்புரவு வேலையிலும் இருந்தார், அம்மா ராணுவ முகாம் கடையிலும் சலவைக் கடையிலும் வேலை பார்த்தார். வீட்டில் இடம் போதாமல் சேயாவும் சகோதரர்களும் கார் ஷெட்டில் படுத்துக்கொள்வார்களாம். கல்லூரிக்கு யுஎஸ்சி என்ற தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போனார், ஆனால் எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வில் 690 மதிப்பெண், தேவையானது 700. பத்து மதிப்பெண் குறைந்ததற்காக முதல் வருடம் விளையாட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் 1989 சீசனில் எதிரணியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை 19 தடவை சாய்த்து, 1990இல் என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் ஐந்தாவது ஆளாக சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு வந்தார். பிறந்து வளர்ந்த ஊர்ப் பையன் ஊர் அணிக்கே வருவது என்றால் அந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1991 முதல் 2002 வரை ஒரு வருடம் விடாமல் 12 தடவை, சிறந்த வீரர்களுக்கான புரோ பவுல் ஆட்டத்துக்குத் தேர்வானார். 1994இல், இன்று வால்டர் பேட்டன் பெயரில் இருக்கும் விருதையும் அவருக்குக் கொடுத்தீர்கள், அது களத்தில் ஆடியதற்கு மட்டும் கொடுப்பதல்ல, ஊருக்குச் செய்த நல்லதுக்கும் சேர்த்துக் கொடுப்பது. தன் பெயரில் அறக்கட்டளை நடத்தி சான் டியேகோ பிள்ளைகளுக்கு நிறையச் செய்தார். யாரைப் பார்த்தாலும் "படி" (buddy) என்று கூப்பிடுவார், நம் ஊரில் மச்சான் என்பதைப் போல. ஆட்டத்தில் ஒரு நல்ல டேக்கிள் போட்டுவிட்டால் காற்றில் கை முஷ்டியை வீசி ஒரு ஆட்டம் போடுவாரே, அதைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் சார்ஜர்ஸ் ரசிகர்கள் ஆனார்கள்.

ஒரு ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1995 ஜனவரி 15, பிட்ஸ்பர்க், த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம். ஜெயித்தால் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம். சேயாவுக்குக் கழுத்தில் நரம்பு அழுந்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எந்த மருத்துவரும் தன் பிள்ளையை மோதவிட மாட்டார். அவர் ஆடினார். 16 டேக்கிள்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கழுத்து எப்படித் துடித்திருக்கும்! கடைசி நிமிடத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், சார்ஜர்ஸின் எல்லைக் கோட்டுக்கு மூன்று கஜ தூரத்தில், நான்காவதும் கடைசியுமான வாய்ப்பில் நிற்கிறார்கள், இன்னொரு லைன்பேக்கர் டென்னிஸ் கிப்சன் பாஸைத் தட்டிவிட, 17-13 என்று சார்ஜர்ஸ் ஜெயித்தார்கள். சார்ஜர்ஸ் வரலாற்றிலேயே அணி சூப்பர் பவுலுக்குப் போனது அந்த ஒரு தடவைதான், அங்கே சான் ஃபிரான்சிஸ்கோ 49ஈயர்ஸ் அணியிடம் 49-26 என்று தோற்றது வேறு கதை. பிட்ஸ்பர்க் ஆட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் வீரம் என்றுதான் சொல்கிறோம். வீரம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வலி தெரிந்த கழுத்தோடேயே இப்படி ஆடுகிற ஒருவர், வலியே தெரியாத தலையைப் பற்றி யாரிடமாவது வந்து புகார் சொல்வார் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்களா?

2003இல் மயாமி அணிக்குப் போனார். 2006 ஆகஸ்டில் ஓய்வு என்று அறிவித்தார், அதை ஓய்வு என்றுகூடச் சொல்லவில்லை, பட்டம் வாங்கிப் போகிறேன் என்றார். நான்கே நாளில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கூப்பிட, திரும்பி வந்துவிட்டார். அந்த வருடமே கை முறிந்தது. 38 வயதில் மறுபடி வந்தார், 2007இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் போன அந்த அணி சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் 17-14 என்று தோற்றபோது களத்தில் இருந்தார். 2009 சீசனோடு முடித்தார். மொத்தம் 20 சீசன், 268 ஆட்டங்கள்.

2012 மே 2ஆம் தேதி ஓஷன்சைட்டில் கடற்கரை வீட்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 43. முந்தைய நாள் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாவுக்கும் அன்பைச் சொல்லி ஒரு வரிச் செய்தி அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். வீட்டு வாசலில் கேமராக்களுக்கு நடுவே அவருடைய அம்மா, என்னை எடுத்துக்கொள், என் பிள்ளையை விட்டுவிடு என்று கடவுளிடம் கதறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடைசி வருடங்களில் தூக்கம் வராது, திடீர் திடீரென்று கோபம், மறதி, மனச்சோர்வு என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். தேசிய சுகாதார நிறுவனத்தில் அது யாருடைய மூளை என்று சொல்லாமலேயே நிபுணர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். 2013 ஜனவரியில் முடிவு வந்தது: சிடிஇ. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளையின் மடிப்புகளுக்குள், சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றி, டாவ் என்ற புரதம் படிந்து கொஞ்சம் கொஞ்சமாக மூளையைச் சிதைக்கும் நோய். உயிரோடு இருப்பவருக்கு இதை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்று வரை வழியில்லை. இறந்த பிறகுதான் தெரியும். இந்த நோய்தான் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. அவர் மூளையில் அது இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்த மடலின் மையம். 20 வருடம் லைன்பேக்கராக மோதிய இந்த மனிதருக்குக் கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தது, என்று ஒரு தடவைகூட அணியின் காயப் பட்டியலில் வந்ததில்லை என்று அவர் இறந்தபோது செய்திகள் சொல்லின. ஒரு தடவைகூட! உங்கள் இன்றைய ஏற்பாடுகள் எல்லாம், களத்தோரத்து நீலக் கூடாரம், தனி நரம்பியல் மருத்துவர், ஐந்து கட்டச் சோதனை, இவை எல்லாமே கன்கஷன் வந்தவரைக் கண்டுபிடித்து வெளியே உட்காரவைக்கத்தான். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அன்றைக்கு அவை எல்லாம் இருந்திருந்தாலும், அறிகுறி ஒன்றும் காட்டாமல் எழுந்து போய் அடுத்த பந்துக்கு நிற்கிற மோதல்களில் ஒன்றைக்கூட அவை பிடித்திருக்காது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவோடு டேனியல் தனேஷ்வர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஃபுட்பால் ஆடிய 631 பேருடைய மூளைகளைப் பார்த்தது. எத்தனை தடவை கன்கஷன் வந்தது என்ற எண்ணிக்கைக்கும் சிடிஇ எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த அடி எவ்வளவு, அதன் விசை எவ்வளவு என்பதோடுதான் நோய் ஒத்துப்போனது. அதே பல்கலைக்கழகத்தின் முந்தைய ஆய்வொன்று, ஆடிய காலம் 2.6 வருடம் கூடும்போதெல்லாம் சிடிஇ வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று கணக்கிட்டது. அவர்கள் பார்த்த என்எஃப்எல் வீரர்களின் மூளைகள் 376இல் 345இல் சிடிஇ இருந்ததாக 2023இல் அறிவித்தார்கள். இவை குடும்பங்கள் சந்தேகப்பட்டுக் கொடுத்த மூளைகள், அதனால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது, அதை அந்த விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். சரி, அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம். அப்போதும் எத்தனை அடி வாங்கினோம் என்பதுதான் கணக்கு என்ற உண்மை மாறவில்லை. அடி எங்கே வாங்குகிறார்கள்? ஆட்டத்தில். அந்த ஆட்டங்களின் எண்ணிக்கையைத்தான் நீங்கள் கூட்டப் பார்க்கிறீர்கள்.

இது ஒரே ஒரு ஆட்டம்தானே என்பீர்கள். 1960 வரைக்கும் சீசனுக்கு 12 ஆட்டங்கள். 1961இல் 14. 1978இல் 16. 2021இல் 17. ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே வந்திருக்கிறது? சேயாவ் ஆடியதெல்லாம் 16 ஆட்ட சீசன்கள். அவர் காலத்தில் 18 இருந்திருந்தால் 20 வருடத்தில் 40 ஆட்டங்கள் வரை கூடியிருக்கும். இரண்டரை சீசன் மோதல், ஒரே தலையில்.

குடெல் அவர்களே, 2024 ஏப்ரலில் ஒரு பேட்டியில் நீங்களே சொன்ன வாதம் எனக்குத் தெரியும். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றை எடுத்துவிட்டு அதற்குப் பதில் முறையான ஆட்டம் ஒன்றை வைப்பேன் என்றீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மூன்று போய் இரண்டு, பதினேழு போய் பதினெட்டு, மொத்தம் அதே இருபது. ஆனால் பயிற்சி ஆட்டத்தில் யார் ஆடுகிறார்கள்? முக்கியமான லைன்பேக்கர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பார், மிஞ்சிப் போனால் ஒரு பத்துப் பந்து. வேலைக்கு முட்டி மோதும் புதுப் பையன்கள்தான் அதை ஆடுகிறார்கள். எடுப்பது அந்த ஆட்டத்தை, வைப்பது அறுபது பந்தும் அவரே நிற்க வேண்டிய ஆட்டத்தை. இரண்டையும் ஒன்று என்று கணக்குக் காட்டாதீர்கள், மூளைக்கு அது ஒன்றில்லை.

வீரர்கள் சங்கம் ஒப்புக்கொண்டால் உங்களுக்கு என்ன என்றும் கேட்கலாம். 17ஆவது ஆட்டத்துக்கு வழி திறந்த 2020 ஒப்பந்தத்துக்கு ஆதரவாக விழுந்த ஓட்டு 1019, எதிராக 959. அறுபது ஓட்டு வித்தியாசம். அதில் சம்பளம் கூடியது, ஓய்வூதியம் கூடியது, இதெல்லாம் வேண்டும் என்றால் அந்த ஆட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. என்எஃப்எல்லில் ஒருவர் நிற்கிற காலமே கொஞ்சம், அந்தக் கொஞ்ச வருடத்தில் குடும்பத்தைக் கரையேற்ற வேண்டிய 23 வயதுப் பையனிடம், நாற்பது வயதில் வரக்கூடிய ஒன்றுக்காக இன்றைக்குப் பணத்தை விடு என்றால் விடுவானா? சேயாவும் விட்டிருக்க மாட்டார். கார் ஷெட்டில் படுத்து வளர்ந்தவர் அவர். இந்த முடிவை அவர்கள் தலையில் கட்டாமல் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

விட்டுப் போனவர்களும் உண்டு. 49ஈயர்ஸ் லைன்பேக்கர் கிறிஸ் போர்லண்ட் 2014இல் ஒரே ஒரு சீசன் பிரமாதமாக ஆடிவிட்டு, தலையைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டு, 24 வயதில் போதும் என்று போய்விட்டார், கையெழுத்துப் போட்டபோது வாங்கிய பணத்தில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. கரோலைனா பேன்தர்ஸின் லூக் கீக்லி, அவர் காலத்தில் அவரைவிட நன்றாக ஆட்டத்தைப் படித்த லைன்பேக்கர் இல்லை என்பது என் எண்ணம், 2016 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு தலையில் அடிபட்டு வண்டியில் உட்காரவைத்து வெளியே கொண்டுபோகும்போது, ஏன் என்றே தெரியாத மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 28 வயதில் ஓய்வு பெற்றார். போர்லண்டுக்கும் கீக்லிக்கும் தெரிந்தது சேயாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

இதைக் கசப்போடுதான் சொல்கிறேன். 1994இல் தலைக்காயத்தை ஆராய என்று நீங்கள் வைத்த குழுவுக்குத் தலைவர் ஒரு மூட்டு நோய் மருத்துவர். சேயாவ் உச்சத்தில் இருந்த வருடம் அது. பிட்ஸ்பர்க்கில் பென்னட் ஒமாலு என்ற நோயியல் மருத்துவர், முன்னாள் ஸ்டீலர்ஸ் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் சிடிஇ கண்டதை 2005இல் கட்டுரையாக வெளியிட்டபோது, அந்தக் குழுவின் மருத்துவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினார்கள். அந்த வருடமும் சேயாவ் ஆடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டத்துக்கும் சிடிஇக்கும் தொடர்பு உண்டு என்று உங்கள் துணைத் தலைவர் ஒருவர் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில். அதற்குள் சேயாவ் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் முன்னாள் வீரர்களோடு செய்துகொண்ட இழப்பீட்டு ஒப்பந்தத்திலும், 2015 ஏப்ரல் 22க்குப் பிறகு இறந்தவருக்குச் சிடிஇ இருந்தது என்பதற்காக மட்டும் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. நோய் அந்தத் தேதியோடு நின்றுவிட்டதா என்ன? சேயாவின் குடும்பம் அந்த ஒப்பந்தத்தில் சேராமல் தனியாக வழக்குப் போட்டு, 2018இல்தான் முடித்துக்கொண்டது.

2015 ஆகஸ்டில் கேன்டனில், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் சேர்க்கப்பட்டபோது, அப்பாவுக்காக அவருடைய மகள் மேடையேறி முழு உரை பேச விதி இடம் கொடுக்கவில்லை. இறந்தவர்களுக்கு வீடியோ மட்டும்தான் என்றார்கள். அந்த நிர்வாகம் வேறு, உங்கள் நிர்வாகம் வேறு, தெரியும். ஆனால் அந்த மகள் எழுதி வைத்திருந்ததைப் பத்திரிகையில்தான் படிக்க வேண்டியிருந்தது. நீங்களும் அதை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள்.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011 ஒப்பந்தத்தில் சீசனுக்குள் முழுக் கவசம் போட்டு மோதும் பயிற்சியை 14 நாட்களாகச் சுருக்கினீர்கள், என்னைக் கேட்டால் இதுவரை செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். பயிற்சி முகாமில் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறை போட வைத்தீர்கள். 2024இல், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப் விதியை மாற்றி ஓடி வந்து மோதும் வேகத்தைக் குறைத்தீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், மொத்த அடியைக் குறைப்பது. அது சரி என்று தெரிந்துதானே செய்தீர்கள்? அப்புறம் ஒரு கையால் குறைத்ததை இன்னொரு கையால் ஏன் கூட்ட வேண்டும்? வருடத்துக்கு 2000 கோடி டாலருக்கு மேல் வருமானம் வரும் அமைப்பு நீங்கள். 2021இல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு 11 வருடத்துக்கு 11,000 கோடி டாலர் அளவுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். இன்னொரு ஆட்டம் இல்லாமல் உங்களில் யாரும் கஷ்டப்படப் போவதில்லை.

நான் கேட்பது இரண்டு. இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை இருக்கிறது, அதற்கு முன்பே பேச்சைத் தொடங்க நினைக்கிறீர்கள் என்கிறார்கள். தொடங்கும் அன்றே, 18ஆவது ஆட்டம் எங்கள் கோரிக்கையில் இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். வெளிநாட்டில் ஆட்டம் நடத்த வேண்டும் என்றால் இருக்கிற 17இலிருந்தே எடுத்து நடத்துங்கள், லண்டனுக்கும் முனிக்குக்கும் சாவ் பாவ்லோவுக்கும் அப்படித்தானே போனீர்கள்.

இரண்டாவது, சில வருடங்களாகப் பல்லுறையில் சென்சார் வைத்து வீரர்கள் வாங்கும் அடியை அளந்து வருகிறீர்கள். சீசன் முடிந்ததும் ஒவ்வொரு வீரருக்கும் அவர் தலை அந்த வருடம் வாங்கிய அடிகளின் எண்ணிக்கையையும் விசையையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, லைன்பேக்கருக்குச் சராசரி இவ்வளவு, முன்வரிசைக்கு இவ்வளவு என்று வெளியிலும் போடுங்கள். வாரா வாரம் யாருக்குக் கணுக்கால், யாருக்குத் தொடை என்று காயப் பட்டியல் போடுகிறீர்களே, அந்தப் பட்டியலில் சேயாவின் தலைக்கு இருபது வருடமும் இடமே இருக்கவில்லை. இனி வரும் லைன்பேக்கர்களுக்காவது அந்த எண் பதிவாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை இன்னமும் விரும்பிப் பார்க்கும் ஒரு ரசிகன்